ஹைரைடரா, கிராண்ட் விட்டாராவா?

நவம்பர் 2, 2025, ஞாயிறு

புதிய கார் வாங்குவது என்று இன்று முடிவாகிவிட்டது. பழைய சிறிய காரில் ஐந்து பேர் பெங்களூரிலிருந்து சொந்த ஊரான ராசிபுரம் வரை போய் இறங்கும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே அவருக்கு ஒரு கை பிடிமானம் வேண்டும்.

பட்டியலில் கிரெட்டா, செல்டோஸ் எல்லாம் இருந்தன. பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வேண்டும் என்று இவர் சொன்னதும் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும்தான் மிஞ்சின. இரண்டும் 2022இல் அடுத்தடுத்து வந்தவை. பிறந்த இடமும் ஒன்றே. மைசூர் சாலையில் தட்டே இட்லிக்குப் பெயர்போன பிடதியில், டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலையில்தான் இரண்டையும் செய்கிறார்கள். முன், பின் சக்கரங்களின் இடைவெளி இரண்டிலும் 2,600 மில்லிமீட்டர். முகப்பும் பின்விளக்கும்தான் வேறு. அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நவம்பர் 8, சனி

சோதனை ஓட்டம். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று. ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. சில்க் போர்டு சந்திப்பு வழியாகத்தான் ஓட்டுவேன் என்று இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்தக் கார் தன் வாழ்நாளில் பாதியை அங்கேதான் கழிக்கப் போகிறது.

மோட்டாரில் மட்டுமே கூட ஓடக்கூடிய ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகை அங்கே என்னை வியக்க வைத்தது. ஊர்ந்து நகரும்போது பெரும்பாலும் மோட்டாரிலேயே போகிறது, எஞ்சின் உறங்குகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ஏசி. கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்பதில்லை. மோட்டார் எஞ்சினுக்குத் துணை மட்டும் செய்யும் மைல்டு ஹைப்ரிட் வகையில் சிக்னலில் எஞ்சின் அணைந்தால் காற்று மட்டும் வரும், குளிர்ச்சி மெல்லக் குறையும். ஏப்ரல் மாத மதியத்தில், மடிவாளாவுக்கும் பொம்மனஹள்ளிக்கும் இடையில், பின்னிருக்கையில் ஒரு முதியவர் இருந்தால் இந்த வித்தியாசம் புரியும்.

எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி அழுத்தியபோது மூன்று சிலிண்டர் எஞ்சின் உறுமியது. சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறவில்லை. இவருக்கு அது பிடிக்கவில்லை. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து சுமார் 116 குதிரைத்திறன்தான். முந்திச் செல்லும் ஆசைக்கு இது வண்டியல்ல. எனக்கு அந்த ஆசை இல்லை.

ஓட்டுவதில் இரண்டு கார்களுக்கும் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் சொல்லவே முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று அத்தையையும் அழைத்துப் போனோம். கூடவே ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகும் உண்மையான சாமான்கள்: பெரிய பெட்டி, இரண்டு துணிப்பைகள், அத்தையின் மடக்கு வாக்கர். விற்பனைப் பிரிவுத் தம்பி முதலில் திகைத்தான், பிறகு அவனே தூக்க உதவினான்.

இருக்கை உயரம் பொருத்தமாக இருக்கிறது. அத்தை பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார். கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு நொடிக்காகவே இந்த அலைச்சல் தகும். கூரைக் கண்ணாடி உள்ள வகையில் பின்னால் தலைக்கு மேல் இடம் குறைவு. உயரமான என் மகன் குனிந்தே உட்கார்ந்தான்.

சிக்கல் டிக்கியில். ஹைப்ரிட் பேட்டரி பின்னால் இருப்பதால் அதன் தரை மேடாக இருக்கிறது. மைல்டு ஹைப்ரிட்டில் 373 லிட்டர் இடம், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 265 லிட்டர். காகிதத்தில் படிக்கும்போது வெறும் எண். பெட்டியும் பைகளும் உள்ளே போய், வாக்கரைக் குறுக்கே நிறுத்தியதும் கதவு மூட ஒரு விரல் இடம்தான் பாக்கி. திரும்பும்போது ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைக்கு வழியே இல்லை. நான் தயங்கி நின்றபோது அத்தைதான் சொன்னார்: “அரிசியைப் பார்சலில் போட்டுக்கொள்ளலாம் கண்ணு. மனிதர்கள் வசதியாகப் போனால் போதும்.”

நவம்பர் 13, வியாழன்

பிள்ளைகள் உறங்கிய பிறகு கணக்குப் போட்டேன். ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்ததிலிருந்து இவர் அலுவலகத்துக்கு ரயிலில்தான் போகிறார். அதனால் ஓட்டம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டாது. நிறுவனங்கள் சொல்லும் 27.97 மைலேஜை விட்டுவிட்டு, ஹைப்ரிட் லிட்டருக்கு 22, மைல்டு ஆட்டோமேட்டிக் 13 என்று இந்த ஊர் நெரிசலுக்கு ஏற்ப வைத்துக்கொண்டேன். பெங்களூரில் பெட்ரோல் 102 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 32,000 ரூபாய் மிச்சம். விலை வித்தியாசமோ இரண்டு லட்சத்துக்கு மேல், அதற்கும் சேர்த்து சாலை வரி. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதமாக இறங்கியதில் விலை கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் கர்நாடகத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு 17 சதவீத சாலை வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி.

ஹைப்ரிட்டுக்குக் கூடுதலாகப் போட்ட பணம் திரும்ப ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஹைப்ரிட் பேட்டரிக்கு இரண்டு நிறுவனங்களும் தரும் உத்தரவாதமும் எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். மூன்று நான்கு ஆண்டுகளில் காரை மாற்றுகிறவர்களுக்கு ஹைப்ரிட் வேண்டாம் என்றே சொல்வேன். நாங்கள் ஒரு காரைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள்.

இரண்டு பெயர்களில் எது என்று இத்தனை நாள் பேசியதை விட, ஹைப்ரிட் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பெரிய கேள்வி. எனக்கு வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

கோபத்தோடு எழுதுகிறேன். ஒரு ஷோரூமில் கொடுத்த ஆன் ரோடு (வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த) விலைச் சீட்டில் ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு வரி. கேட்டால் “எல்லோரும் தருகிறார்கள் மேடம்” என்கிறார்கள். காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் காத்திருப்பு நீளுமாம். காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. அதை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இத்தனை லட்சம் கொடுக்க வருகிறவர்களிடம் மிரட்டலாகப் பேசுகிறவர்கள், நாளை வண்டி பழுதானால் எப்படிப் பேசுவார்கள்? அந்த இடத்துக்கு இனிப் போவதில்லை.

நவம்பர் 22, சனி

கடைசியில் சர்வீஸ்தான் தீர்மானித்தது. அண்ணன் மாருதி பக்கம். ஊர் ஊருக்குப் பணிமனை, சொந்த ஊரில் நின்றுபோனாலும் ஆள் கிடைக்கும் என்கிறார். நல்ல வாதம்தான், வாங்கப் போவது மைல்டு ஹைப்ரிட்டாக இருந்தால், அதன் எஞ்சினே சுசுகியுடையது என்பதால், நானும் அந்தப் பக்கமே சாய்ந்திருப்பேன்.

ஸ்ட்ராங் ஹைப்ரிட் டொயோட்டாவின் தொழில்நுட்பம். 2013 முதல் கேம்ரி ஹைப்ரிட்டை இதே பிடதியில் பூட்டி விற்றவர்கள், பிறகு இன்னோவா ஹைக்ராஸ். அந்த உயர் மின்னழுத்தக் கம்பிகளை நெடுநாளாகத் தொட்டுப் பழகிய கைகள் அவர்களிடம் அதிகம் இருக்கும் என்பது என் நம்பிக்கை. ஊரில் இருக்கும்போது தேவைப்பட்டால் சேலம் போய்விடலாம், அது தூரமில்லை. சேலம் போகும் வழியிலுள்ள தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியரை ‘B’ நிலையில் போட்டால் பிரேக்குக்குச் சுமை குறையும் என்று டொயோட்டா மெக்கானிக் நான் கேட்காமலேயே விளக்கினார். லாரிகள் பிரேக் பிடிக்காமல் புரளும் அந்த இறக்கத்தை ஒவ்வொரு முறையும் பயந்து கடப்பவள் நான். அவர் பேச்சில் தெரிந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் 24, திங்கள்

கார்த்திகை சோமவாரம். கோயிலுக்குப் போய்விட்டு நேராகப் போய் ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கு முன்பணம் கட்டினோம். வெள்ளை நிறம், கூரைக் கண்ணாடி இல்லாத வகை. மகன் நிமிர்ந்து உட்காரலாம். வண்டி மார்கழியில் வந்துவிடும் போலிருக்கிறது. மார்கழியில் புது வண்டி வீட்டுக்கு வருவதில் அத்தைக்குச் சம்மதமில்லை. தை பிறந்த பிறகு பதிவு செய்து எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியே வாங்கிவிட்டேன்.

தீபத்துக்கு ஊருக்குப் பழைய காரிலேயே போகிறோம். காப்பீட்டுக்கு வெளியே இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டிருக்கிறேன். பூஜ்ஜியத் தேய்மானத்தோடு (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது), ஹைப்ரிட் பேட்டரிக்கும் பாதுகாப்பு சேர்த்துச் சொல்லுமாறு. நாளை பதில் வர வேண்டும்.