ரவுட்டரின் ஃபர்ம்வேரை மாற்றினேன், பிங் அடங்கியது

வீட்டில் யாராவது கைப்பேசியிலிருந்து படங்களை கிளவுடில் ஏற்றத் தொடங்கினால் போதும், என் விளையாட்டில் எதிராளிகள் தாவித் தாவி நகர ஆரம்பிப்பார்கள். நான் சுடுவேன். குண்டு பட்டதாகத் திரை காட்டும். அடுத்த கணம் செத்துக் கிடப்பது நானாக இருக்கும். இத்தனைக்கும் இணைப்பு ஒன்றும் மோசமில்லை. தரவிறக்கம் 100 மெகாபிட், பதிவேற்றம் 10 மெகாபிட். வேகச் சோதனை எப்போது ஓட்டினாலும் இரண்டும் முழுதாகவே வரும்.

கேட்டவர்கள் எல்லோரும் இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. சுடும் விளையாட்டுகளை எடுத்துப் பாருங்கள்: சிலவற்றில் சர்வர் நொடிக்கு 64 முறை, வேறு சிலவற்றில் 128 முறை, ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. போய் வருபவை எல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது. 100 மெகாபிட்டில் திணறுவது 300 மெகாபிட்டில் மட்டும் எப்படிச் சரியாகும்?

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் கணினியிலிருந்து ரவுட்டருக்கே பிங் அனுப்பினேன், அதாவது ஒரு சிறு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். கேபிளில் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. வைஃபையில் 3 என்று வரும், திடீரென்று 60 என்று குதிக்கும், மறுபடி 3. அடுத்து வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கு, கேபிள் வழியாக: வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது 28. பிறகு ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்ற விட்டுவிட்டு அதே பிங்கைப் பார்த்தேன். 340. தரவிறக்கம் ஓடும்போது 110 வரை போனது. இணையத்தில் கிடைக்கும் பஃபர்புளோட் (வரிசை வீங்கித் தாமதமாவது) சோதனைகளும் இதைத்தான் செய்கின்றன. இணைப்பைச் சும்மா விட்டு ஒரு முறையும், நிரப்பிவிட்டு ஒரு முறையும் தாமதத்தை அளந்து மதிப்பெண் போடுகின்றன. எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை விட்டுவிடலாம்.

ஆக, நோய் இரண்டு. ஒன்று வைஃபை, மற்றொன்று வரிசை. இரண்டாவதுதான் பெரியது.

வீட்டை இணைப்பு நிறுவனத்தோடு சேர்க்கும் மோடத்துக்கு உள்ளே ஒரு தற்காலிகச் சேமிப்பு, அதாவது பஃபர், இருக்கிறது. அனுப்பும் வேகம் இணைப்பின் வேகத்தைத் தாண்டினால் பாக்கெட்டுகள் அதில் காத்திருக்கும். 10 மெகாபிட் பாதையில் 375 கிலோபைட் தேங்கினாலே கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்கு 300 மில்லி விநாடி காத்திருப்பு. படம் ஏற்றும் கைப்பேசிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. அதே வரிசையில் நிற்கும் என் சின்னப் பாக்கெட்டுக்குத்தான் ஆட்டம் போய்விடுகிறது. தரவை அனுப்பும் டிசிபி என்ற நெறிமுறை பெரும்பாலும் ஒரு பாக்கெட் தொலைந்த பிறகுதான் வேகத்தைக் குறைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, அதனால் அனுப்புபவருக்கு எதுவும் தெரியாது. எண்ணெய் ஊற்றும் புனல் எவ்வளவு பெரிதோ, அடைப்பு இருப்பது கைக்குத் தெரிய அவ்வளவு நேரமாகும். நினைவகம் மலிவாகிவிட்டதால் தயாரிப்பாளர்கள் தாராளமாகப் பஃபர் வைத்துவிட்டார்கள். 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு உரக்கப் பேசத் தொடங்கிய பிறகுதான் பலர் இதைக் கவனித்தார்கள்.

முதலில் எளிய வழியைப் பார்த்தேன்: ரவுட்டர் தயாரிப்பாளர் வெளியிட்டிருந்த புதிய ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருள். பாதுகாப்புத் திருத்தங்கள், வைஃபை நிலைத்தன்மை என்று குறிப்பில் போட்டிருந்தது. ஏற்றிவிட்டு, அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, எல்லாவற்றையும் புதிதாக நிரப்பினேன். பழைய அமைப்பை அப்படியே சுமந்து வந்தால் சில நேரம் விசித்திரக் கோளாறுகள் வரும். வைஃபையின் குதிப்பு ஓரளவு குறைந்தது. நிரம்பிய இணைப்பில் பிங்? அதே 340. அதற்காக இந்த வேலையை வீண் என்று சொல்ல மாட்டேன். 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் பிடித்தது. விளையாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பாதுகாப்புத் திருத்தம் ஏற்றத்தான் வேண்டும்.

அதே ஃபர்ம்வேரில் விளையாட்டுக்கு முன்னுரிமை தரும் ஒரு பொத்தான், ராக்கெட் படத்தோடு இருந்தது. அழுத்திப் பார்த்தேன், ஒரு வேறுபாடும் இல்லை. ஏன் என்று யோசித்தால் விடை எளிது. வரிசை மோடத்தில் நிற்கிறது. ரவுட்டர் தன் வாசலில் முன்னுரிமை கொடுத்து என்ன பயன்? ரவுட்டரில் வரிசையே இல்லாதபோது யாரை முன்னால் விடுவது?

வரிசையை ரவுட்டருக்குள் கொண்டுவந்தால்தான் அதை ஆள முடியும். அதற்கு இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக ரவுட்டரே அனுப்ப வேண்டும். என் ரவுட்டரின் சொந்த ஃபர்ம்வேரில் அந்த வசதி இல்லை. அப்படித்தான் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர் பக்கம் திரும்பினேன். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் லினக்ஸில் ஓடியதால், உரிம விதிப்படி அதன் மூல நிரலை 2003-இல் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-இல் முளைத்த திட்டம் இது. இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடுகிறது.

எல்லா ரவுட்டரிலும் ஓடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4 மெகாபைட் ஃபிளாஷ், 32 மெகாபைட் ராம் கொண்ட பழைய கருவிகளைப் புதிய பதிப்புகள் கைவிட்டுவிட்டன. என்னுடையதில் 16, 128 என்பதால் தப்பித்தது. மாடல் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வன்பொருள் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் இரண்டாம் பதிப்பில் ஒரு சிப்பும் மூன்றாம் பதிப்பில் வேறொரு சிப்பும் இருக்கும். தவறான கோப்பை ஏற்றினால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் பெட்டி.

முன்னேற்பாட்டுக்கே அதிக நேரம் செலவிட்டேன். பிபிபிஓஇ (இணைப்பு நிறுவனத்தில் உள்நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், போக்குவரத்தைப் பிரித்துக் காட்ட நிறுவனம் பயன்படுத்தும் விலேன் எண் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். ஃபர்ம்வேர் மாறியதும் இணையம் இருக்காது என்பதால் தேவையான கோப்புகளை முன்கூட்டியே கணினியில் இறக்கி வைத்தேன். திரும்பி வர வழி வேண்டுமே என்று தயாரிப்பாளரின் பழைய ஃபர்ம்வேரையும் சேர்த்துக்கொண்டேன். மீட்பு வழியையும் முதலிலேயே படித்துவிட்டேன். என் மாடலில், ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், அது கணினியிலிருந்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் ஒரு கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த வழி இருப்பது தெரிந்த பிறகுதான் கை துணிந்தது.

இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். ஃபேக்டரி என்பது தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரிலிருந்து முதல் முறை மாறுவதற்கு. சிஸ்அப்கிரேட் என்பது ஏற்கெனவே ஓப்பன்-டபிள்யூஆர்டி ஓடும் ரவுட்டரைப் புதுப்பிப்பதற்கு. ஃபேக்டரி கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 குறியீட்டைத் தளத்தில் கொடுத்திருந்ததோடு ஒப்பிட்டுவிட்டு, வைஃபையை அணைத்து, கேபிளைச் செருகி, ரவுட்டரை யுபிஎஸ்ஸில் மாட்டி, ஏற்றினேன். விளக்குகள் மினுங்கின, அணைந்தன, மறுபடி மினுங்கின. அந்தச் சில நிமிடங்களில் மின்கம்பியைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்கக் கூடாது, அவ்வளவுதான்.

192.168.1.1 என்ற முகவரியில் புதிய பக்கம் வந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமல் திறந்தது, ஆகவே முதல் வேலை அதை வைப்பது. வைஃபை அணைந்தே இருந்தது. பழுது என்று பதற வேண்டாம், பெரும்பாலான கருவிகளில் அதுதான் இயல்பு நிலை. நாட்டுக் குறியீட்டைச் சரியாகக் கொடுத்து, பெயரும் பூட்டும் வைத்து இயக்கினேன். பிபிபிஓஇ விவரங்களை நிரப்பியதும் இணையம் வந்தது. பிங் சோதனையை ஓட்டினேன். இன்னும் 340-ஐ ஒட்டித்தான். ஃபர்ம்வேரை மாற்றியதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது, உள்ளே இருக்கும் கருவியை இயக்க வேண்டும்.

அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தி வரிசையை ஆளும் அந்தக் கருவியின் பெயர் எஸ்க்யூஎம். தனிப் பொதியாக நிறுவ வேண்டும். அதற்குள் வரிசையை ஆளும் முறையாக கேக் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இதன் வேர் 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்த கோடெல். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடியைத் தாண்டி, அந்த நிலை 100 மில்லி விநாடி நீடித்தால், பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். அனுப்புபவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். கேக் இதோடு ஒவ்வொரு ஓட்டத்தையும், அதாவது ஒவ்வொரு இணைப்பின் பாக்கெட்டுத் தொடரையும், தனி வரிசையாகப் பிரிக்கிறது. என் விளையாட்டின் பாக்கெட் இனி படங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. 2018-இல் வந்த லினக்ஸ் 4.19-இலிருந்து கேக் அதன் மையமான கெர்னலிலேயே இருக்கிறது.

இடைமுகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் தேவை. பட்டியலில் பல பெயர்கள் இருக்கும். உண்மையில் இணையத்துக்குப் போகும் பிபிபிஓஇ இடைமுகத்தையே கொடுக்க வேண்டும். வேகங்களைக் கிலோபிட்டில் கேட்கும். வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் இரவு நேரத்தில் அளந்து, அந்த அளவில் 90 விழுக்காட்டில் தொடங்கினேன்: பதிவேற்றம் 9000, தரவிறக்கம் 90000. ஒவ்வொரு பாக்கெட்டுடனும் கூடவே போகும் உறைப் பைட்டுகளைக் கணக்கில் சேர்க்கும் இடத்தில் ஈதர்நெட், 44 என்று வைத்தேன். தேவைக்குக் கூடுதலாகப் போட்டால் துளி வேகம் போகும். குறைத்துப் போட்டால், சின்னப் பாக்கெட்டுகள் நிறையப் போகும் நேரத்தில் வரிசை மறுபடி மோடத்துக்கே ஓடிவிடும். விளையாட்டுப் பாக்கெட்டுகள் சின்னவை என்பதால் எனக்கு இரண்டாவது ஆபத்துதான் பெரிது.

சேமித்துவிட்டுப் பதிவேற்றத்தை ஓட விட்டேன். பிங் 33, 35, 31. தரவிறக்கத்தின்போது முதலில் 60 வரை எழும்பியது. இது எதிர்பார்த்ததுதான். தரவிறக்க வரிசை இணைப்பு நிறுவனத்தின் பக்கம் நிற்கிறது. அங்கே நம் கை நேராக எட்டாது. வந்து சேரும் பாக்கெட்டுகளில் சிலவற்றை இங்கே கைவிட்டு, தொலைவில் அனுப்புபவரை மெதுவாக்குவது ஒன்றே வழி. அதனால் இந்தப் பக்கம் கூடுதல் இடைவெளி விட வேண்டியிருக்கிறது. 85000-க்கு இறக்கியதும் 40-க்குள் அடங்கியது. பதிவேற்றத்தை மெல்ல மெல்ல ஏற்றி 9300 வரை கொண்டுபோனேன். அதற்கு மேல் பிங் ஆட ஆரம்பித்ததால் அங்கேயே நிறுத்திவிட்டேன். இன்னொரு சிறு அமைப்பால், கருவிகளுக்கு இடையே சம பங்கு பிரிக்கவும் வைத்தேன். ஒரே கைப்பேசி இருபது இணைப்புகளைத் திறந்தாலும் இருபது பங்கு கிடைக்காது.

இதற்கு விலை உண்டு. பாக்கெட்டுகளைக் குறுக்கு வழியில் அனுப்பும் வன்பொருள் ஆஃப்லோடை அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவை எஸ்க்யூஎம் பக்கமே வராமல் போய்விடும். அப்போது முழுச் சுமையும் ரவுட்டரின் செயலி தலையில் விழுகிறது. என் 85 மெகாபிட்டுக்குப் பழைய செயலி தாங்குகிறது. முனையத்தில் டாப் கட்டளையை ஓட்டினால் நிரம்பிய நேரத்திலும் செயலி ஓரளவு ஓய்வாகவே இருக்கிறது. 500 மெகாபிட், ஒரு கிகாபிட் இணைப்பு வைத்திருப்பவர்கள் இதே பெட்டியை நம்பி இறங்கக் கூடாது. அவ்வளவு வேகமான பாதை நிரம்புவதே அபூர்வம் என்பதால் பலருக்கு இந்த வைத்தியம் தேவைப்படாமலும் போகலாம். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

தம்பியின் கன்சோல் இதற்கிடையே நாட் (ஒரே இணைய முகவரியை வீட்டுக் கருவிகள் பகிரும் ஏற்பாடு) வகை கண்டிப்பானது, அதாவது வெளியிலிருந்து இணைப்புகள் உள்ளே வரவில்லை என்று புகார் சொன்னது. யூபிஎன்பி என்ற வசதி தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரில் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது, இங்கே தனியாக நிறுவ வேண்டும். எந்தக் கருவி கேட்டாலும் வாசலைத் திறந்துவிடும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது. கன்சோலுக்கு நிலையான முகவரி கொடுத்து, அதற்குத் தேவையான போர்ட் எனும் வாசல்களை மட்டும் திருப்பிவிட்டேன். புகார் நின்றது.

வைஃபையில் ஃபர்ம்வேரால் ஆவது கொஞ்சமே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, கூட்டம் குறைந்த சேனலைத் தேர்ந்ததில் குதிப்புகள் அரிதாயின, அடியோடு போகவில்லை. சுவர் ஓரமாக ஒரு கேபிளை இழுத்துக் கணினியில் செருகினேன், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. தொலைதூர சர்வருக்கும் இதே கதைதான். ஒளியிழையில் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகிறது. 5000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வரவே 50 மில்லி விநாடி ஆகும். அதை எந்த ஃபர்ம்வேரும் குறைக்காது. விளையாட்டின் அமைப்பில் அருகிலுள்ள பிராந்தியத்தைத் தேர்ந்துகொள்வதுதான் வழி.

அதற்குப் பிறகு புதிய பதிப்பு வந்தபோது சிஸ்அப்கிரேட் கோப்பால் புதுப்பித்தேன். அமைப்புகள் அப்படியே இருந்தன, ஆனால் நானாக நிறுவிய பொதிகள் காணாமல் போயிருந்தன. எஸ்க்யூஎம்மின் எண்கள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன, அதை ஓட்டும் நிரல்தான் இல்லை. பிங் பழையபடி ஏறியதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பொதியைத் திரும்ப நிறுவியதும் பழைய எண்களை அதுவே எடுத்துக்கொண்டது. இப்போது நிறுவிய பொதிகளின் பட்டியலை அமைப்புகளின் காப்புப் பிரதியோடு ஒரே கோப்புறையில் வைத்திருக்கிறேன். புதுப்பித்த கையோடு, பதிவேற்றத்தை ஓடவிட்டு ஒரு பிங் பார்த்துவிட்டுத்தான் விளையாட உட்காருகிறேன்.