சாப்பிட்டவர் எப்படி இறைவனாக முடியும்?

கிறிஸ்தவர்கள் மிகுந்த பாளையங்கோட்டைக்கும் முஸ்லிம்கள் மிகுந்த மேலப்பாளையத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஒரே கல்லூரிகளில் படிக்கிறோம், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகிறோம். ஆனால் பேச்சு இயேசுவிடம் வந்து, "சாப்பிட்டவரு, தூங்கினவரு எப்படி வே இறைவனா இருக்க முடியும்?" என்று இஸ்லாமிய நண்பர் கேட்டால், நம் சபையார் பலரும் மழுப்பிவிடுகிறார்கள். அது அலட்சியப்படுத்தத் தக்க கேள்வியன்று. ஈசாவும் (இயேசுவைக் குர்ஆன் அழைக்கும் பெயர்) அவர் தாயாரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள் என்று குர்ஆனின் 5:75 வசனமே சொல்கிறது.

அவர் உண்டதைத் திருச்சபை மறைத்ததில்லை. அவருடைய உடல் வெறும் தோற்றம் என்று ஆதிக் காலத்தில் சிலர் போதித்தபோது அவர்களை மறுத்தவர்கள் கிறிஸ்தவர்களே. 451-இல் கூடிய கல்கேதோன் சங்கம் என்ற ஆயர்களின் மாநாடு, கிறிஸ்து ஒருவரில் தெய்வ இயல்பும் மனித இயல்பும் கலவாமலும் மாறாமலும் பிரியாமலும் இருக்கின்றன என்று அறிக்கையிட்டது. தேவன் தம் தெய்வத்தன்மையை விட்டு மனிதனாக மாறிவிட்டார் என்பது எங்கள் உபதேசம் அன்று. அப்படி யாராவது பிரசங்கித்தால் அது பிழை. "அப்படியானால் அந்த நாட்களில் உலகத்தை ஆண்டது யார்?" என்ற கேள்விக்கும் நாலாம் நூற்றாண்டிலேயே திருச்சபைத் தந்தை அத்தனாசியு விடை எழுதிவிட்டார்: வார்த்தையானவர், அதாவது இறைவனின் அனாதி வார்த்தையாகிய கிறிஸ்து, உடலுக்குள் அடைபடவில்லை, உடலில் இருந்தபோதே அனைத்தையும் தாங்கிக்கொண்டிருந்தார்.

உண்மையிலேயே கடினமானது மாற்கு 13:32. உலக முடிவின் அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிரக் குமாரனும் அறியார் என்று இயேசுவே சொல்லும்போது, எல்லாம் அறிந்த இறைவன் அவர் என்று எப்படிச் சொல்வது? மெய்யான மனித மனம் எல்லாவற்றையும் அறிந்திருப்பதில்லை. அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா 2:52 கூறுகிறது. அறியாமை அந்த மனித மனத்துக்குரியது, பசி அந்த உடலுக்குரியது போல. மாற்கின் அந்த வசனமே மனுஷர், தூதர், குமாரன், பிதா என்று படிப்படியாக ஏறிச் சென்று, குமாரனைத் தூதர்களுக்கும் மேலே வைப்பதைக் கேள்வி கேட்பவர்கள் கவனிப்பதில்லை. இவ்விடை எல்லாரையும் திருப்திப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும்.

'குமாரன்' என்ற சொல்லைப் பொறுத்தவரை, இறைவனுக்கு மனைவியும் இல்லை, உடல்வழிப் பிறந்த பிள்ளையும் இல்லை என்பதில் நமக்குள் சண்டையே கிடையாது.

மிச்சமிருப்பது பெரிய ஆட்சேபம்: அனாதியானது, அதாவது தொடக்கமே இல்லாதது, காலத்துக்குள் வரக்கூடுமா? 833-இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்படி அறிஞர்களை நிர்ப்பந்தித்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டு, பின்னர் கசையடி பட்டும் இணங்கவில்லை. காயல்பட்டினத்து ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) அறிந்த அஷ்அரி அகீதாவின்படி, அதாவது அஷ்அரி மரபின் கொள்கைப்படி, அல்லாஹ்வின் பேச்சு அவனுடைய அனாதியான பண்பு. ஓதும் குரலும் மையும் தாளும் மட்டுமே படைக்கப்பட்டவை. அனாதியான பேச்சு, அதன் அனாதித்தன்மை சற்றும் குறையாமல், காலத்துக்கு உட்பட்ட ஓசையின் வழியே மனிதருக்குக் கேட்கிறது என்று நம்புகிறவர், அனாதியான வார்த்தை மாம்சத்தில் வெளிப்படுவது அடிப்படையிலேயே முரண்பாடு என்று எவ்வாறு முடிவுகட்ட முடியும்? முஸ்ஹஃபை (குர்ஆன் எழுதப்பட்ட நூற்பிரதியை) எவரும் தொழுவதில்லை, இறைப்பேச்சு தாளுக்குள் குடிபுகுந்தது என்று எந்த ஆலிமும் சொல்வதுமில்லை. ஒப்புமை அவ்விடத்தில் நின்றுவிடும். அதுவரைக்குமாவது அது செல்லும்.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஈசாவை இறைவனின் வார்த்தை என்று அழைக்கும் குர்ஆன் 4:171-ஐத் துருப்புச் சீட்டுபோல் வீசாதீர்கள். 'ஆகுக' என்ற கட்டளையால் படைக்கப்பட்டவர் என்றே முஸ்லிம்கள் அதற்குப் பொருள் கொள்கிறார்கள், ஈசாவை ஆதாமுக்கு ஒப்பிடும் 3:59-ஐயும் சேர்த்துக் காட்டுவார்கள். அவர்கள் வேதத்துக்கு நாம் உரை எழுதுவது முறையன்று.

இவ்வளவு சொன்னதும், மாம்சமாவது இறைவனால் இயலாத காரியமன்று என்பதற்கு மட்டுமே. உண்மையில் அவர் வந்தாரா என்பது சீஷர்களின் சாட்சியையும் உயிர்த்தெழுதலையும் பொறுத்தது. அங்கே சிலுவையை மறுக்கும் 4:157 குறுக்கே நிற்கிறது, அதைத் தனியாகத்தான் எடுத்துப் பேச வேண்டும்.