ஜெர்மனியில் பித்தப்பை ஆபரேஷன்: புரிந்த பிறகே கையெழுத்து

வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகு வரை போகும் வலி. எண்ணெயில் பொரித்தது சாப்பிட்ட இரவுகளில் கட்டாயம் வரும். தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் ஜெர்மனியில் குடும்ப மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோது "வயிறு வலிக்கிறது" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். அமிலத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வலி நிற்கவில்லை. மறுபடி போவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்: எப்போது தொடங்குகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எங்கே பரவுகிறது, என்ன சாப்பிட்டால் வருகிறது, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மனுக்கு மாற்றி, ஓர் உடல் படத்தில் வலிக்கும் இடத்தையும் குறித்து எடுத்துப்போனேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு உடனே என்னைப் படுக்கச் சொன்னார். வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, மூச்சை இழுக்கச் சொன்னார். பாதியில் மூச்சு நின்றுவிட்டது, அவ்வளவு வலி. ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரிந்தன. மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்கு முன்பு அறுவை மருத்துவரையும் மயக்க மருந்து மருத்துவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் சந்திப்புக்கு மொழிபெயர்க்க என் கணவர் வந்தார். அவருக்கு வேலை பார்க்கும் அளவுக்கு ஜெர்மன் தெரியும். மருத்துவர் நிறுத்தி நிதானமாக ஐந்து நிமிடம் பேசினார். கணவர் என் பக்கம் திரும்பி, "சின்ன ஆபரேஷன்தாம்மா, பயப்படாதே" என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொன்னார். ஆனால் எந்தெந்தச் சிக்கல்கள் வரலாம் என்று மருத்துவர் சொன்ன எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. சொந்தக்காரர்களை, அதிலும் பிள்ளைகளை, இந்த வேலைக்கு வைக்கவே கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

எனக்குப் புரியவில்லை, ஆங்கிலத்தில் பேசுகிறவர் யாராவது வேண்டும் என்று கேட்டேன். காத்திருக்க வேண்டியிருந்தது, பரவாயில்லை. ஆங்கில ஒப்புதல் படிவத்தோடு ஓர் இளம் மருத்துவர் வந்தார். படிவத்தின் ஓரத்தில் பேனாவால் கல்லீரல், பித்தப்பை, குழாய்கள் எல்லாவற்றையும் வரைந்தார். எந்த இடத்தில் கிளிப் போட்டு வெட்டுவார்கள், பக்கத்தில் இருக்கும் பித்தநாளத்தில் காயம் பட்டால் என்ன ஆகும், சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் முடியாவிட்டால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டதை என் வார்த்தையில் திருப்பிச் சொன்னேன். ஓர் இடத்தில் திருத்தினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை. 2013-இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டப்படி, விளக்கம் வாய்மொழியாக, நோயாளிக்குப் புரியும் விதத்தில், யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே தரப்பட வேண்டும். கையெழுத்திட்ட தாள்களின் நகலும் கொடுக்க வேண்டும். ஆனால் பேச்சு மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவை அரசு சார்ந்த பொது மருத்துவக் காப்பீடு வழக்கமாக ஏற்பதில்லை. அதனால் ஆங்கிலமோ தமிழோ பேசும் ஊழியர் யாராவது இருக்கிறார்களா என்று தேதி வாங்கும்போதே மருத்துவமனையில் கேட்டுவிடுவது நல்லது.

மயக்க மருந்து மருத்துவரிடம் பிரச்சினையே இல்லை. ஒவ்வாமை, பழைய ஆபரேஷன்கள், ஆடும் பற்கள், தினசரி மாத்திரைகள் என்று அவர் கேட்பது எல்லாம் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதுதான். மாத்திரைகளின் பிராண்ட் பெயரை எழுதாமல் மருந்தின் மூலப்பெயரை எழுதிக் கொடுத்தேன். பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று ராத்திரி வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலித்தது. லேப்ராஸ்கோபிக்காக வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயுவால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் உறுத்தப்பட்டு, அந்த வலி தோளில் தெரியும் என்று அந்த இளம் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அது தெரியாமல் இருந்திருந்தால் நெஞ்சுவலியோ என்று பதறியிருப்பேன். இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு ஆங்கிலம் தெரியாது. தோளைத் தொட்டுக் காட்டி, ஏழு விரல்களை நீட்டினேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு எண் சொல்வது அங்கே வழக்கம். உடனே ஊசி போட்டார்.

பொதுக் காப்பீடு இருந்தாலும் மருத்துவமனையில் இருக்கும் நாளுக்கு 10 யூரோ நாம் கட்ட வேண்டும், வருடத்துக்கு அதிகபட்சம் 28 நாட்களுக்கு. அதற்கான பில் பிறகு வீட்டுக்கு வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது குடும்ப மருத்துவருக்கு ஒரு கடிதம் தருவார்கள். அதில் உங்களுக்கும் ஒரு பிரதி கேளுங்கள். எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு எப்போது வரும் என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த முடிவு குடும்ப மருத்துவரிடம்தான் போயிருந்தது. நேரில் போய்ப் பிரதி வாங்கி, அவரையே ஒவ்வொரு வரியாக விளக்கச் சொன்னேன். பயப்பட எதுவும் இல்லை.