நின்ற இடத்திலேயே ஒரு சண்டைக் கலை

இன்று காலை ஹாங்காங்கின் கவுலூன் பூங்காவில் ஒரு முதியவர் விங் சுன் என்ற சீனச் சண்டைக் கலையைப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். பயிற்சி என்றால் நம்பமாட்டீர்கள். கால்கள் ஓரடிகூட நகரவில்லை.

முட்டிகள் உள்நோக்கி மடங்கியிருந்தன. ஒரு கை மட்டும் நெஞ்சின் நடுவிலிருந்து முன்னே போனது. அவ்வளவு மெதுவாக! முழங்கை துளியும் வெளியே விலகவில்லை. சியு நிம் தாவ் என்ற முதல் பாடத்தின் தொடக்கப் பகுதி இப்படித்தான். அந்தப் பாடம் முழுவதுமே நின்ற இடத்தில்தான்.

இந்தக் கலையின் உயிர் உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. அதைக் காத்துக்கொண்டு, எதிராளியின் நடுக்கோட்டை நேர்வழியில் தாக்க வேண்டும். முதலில் தடுத்து, பிறகு அடிப்பதெல்லாம் கிடையாது. இரண்டும் ஒரே நொடியில்.

தீக்கிரையான ஷாவோலின் கோயிலிலிருந்து தப்பிய இங் மூய் என்ற பிக்குணி, யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஒரு சண்டைக் கலைக்குப் பெண்ணின் பெயர் நிலைத்திருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கலையின் வரலாற்றில் ஓரளவு தெளிவாகத் தெரிபவர், 19ஆம் நூற்றாண்டில் தென்சீன நகரமான ஃபோஷானில் வாழ்ந்த வைத்தியர் லியுங் ஜான்.

அதே ஃபோஷானைச் சேர்ந்த விங் சுன் ஆசான் இப் மான் 1949இல் ஹாங்காங் வந்தார். மறு ஆண்டு, உணவக ஊழியர் சங்கத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார்.

புரூஸ் லீ அவரிடம் வந்தது அதற்குப் பிறகுதான். எல்லோரும் புரூஸ் லீயிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அந்த உணவக ஊழியர்களைப் பற்றிப் பேச ஆளைக் காணோம்.