தொடாமலே திறந்துகொண்ட குழாய்

கடந்த அக்டோபரில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணியளவில், சமையலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு அம்மா எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே யாரும் இல்லை. சிங்க்கின் மேலுள்ள குழாய் தானாகத் திறந்துகொண்டு, அதன் அடியிலுள்ள சிறிய நீல விளக்கு எரிய, முழு வேகத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டு நிறுத்திவிட்டு என் அறைக் கதவைத் தட்டிய அம்மா, "யாருப்பா குழாயத் தொறந்து விட்டுட்டுப் படுத்தது? ரெண்டு குடம் தண்ணி போயிருக்கும்" என்றார். அவர் சொன்ன கணக்கு ஏறக்குறையச் சரி. எங்கள் குழாயில் நிமிடத்துக்கு 1.8 கேலன், அதாவது 6.8 லிட்டர் தண்ணீர் வரும். யாரும் நிறுத்தாவிட்டால் 4 நிமிடத்தில் தானாக நின்றுவிடும் என்பதால், இப்படித் திறக்கும் ஒவ்வொரு முறையும் 27 லிட்டர் வீணாகிறது. முதுகுளத்தூரில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து எங்களை வளர்த்தவர் அவர். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

நாங்கள் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆன்டோனியோ நகரில். தொட்டால் திறந்து, தொட்டால் மூடிக்கொள்ளும் இந்தக் குழாயை 3 ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். மீன் கழுவிய கையோடும் அரிசிமாவு பிசைந்த கையோடும் கைப்பிடியைத் திருகினால் கறை அங்கே ஒட்டிக்கொள்ளும். முழங்கையாலோ மணிக்கட்டாலோ குழாயை இலேசாகத் தட்டினால் தண்ணீர் வரும் என்பது பெரிய வசதியாகத் தெரிந்தது. இன்றைக்கும் அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரணக் குழாய் பழுதானால் வாஷரை மாற்றிவிட்டுப் போகலாம். இந்தக் குழாய்க்குள் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்து வேலை செய்வதால், பழுது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குள் தேவையில்லாத பொருள்களை வாங்கிவிடுகிறோம். எனக்கு அதுதான் நடந்தது.

அடுத்த இரண்டு வாரங்களில் குழாய் மேலும் 5 முறை தானாகத் திறந்தது. முதலில் பேட்டரியைச் சந்தேகித்து, 6 பேட்டரிகளையும் புதிதாகப் போட்டேன், பயனில்லை. வரவழைத்த பிளம்பர் சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டுப்போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்னார். அவர் சொன்னபடியே புதிய பெட்டியை வாங்கிப் பொருத்தினோம். மூன்றாம் நாள் இரவு குழாய் மறுபடியும் திறந்தது. அந்தப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தைவிட, எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒரு நல்ல பொருளைக் கழற்றிப் போட்டோமே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் அம்மா. "மெஷின் ஓடுற அன்னிக்குத்தான் தொறக்குது, நீ கவனிச்சியா?" என்று ஒரு காலையில் கேட்டார். மெஷின் என்று அவர் சொன்னது சிங்க்கை ஒட்டியுள்ள டிஷ்வாஷரை. மின் கட்டணம் குறையும் என்பதற்காக அல்ல, பகலில் அதன் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சல் என்பதற்காக அதை இரவில் ஓடவிடுவது எங்கள் வழக்கம். நாட்களை எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே பொருந்தியது. அன்று இரவு டிஷ்வாஷரைப் போட்டுவிட்டு, சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரியைத் திறந்து வைத்து, தரையில் டார்ச்சுடன் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு இயந்திரத்தின் பம்ப் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கியதும் அலமாரியின் பலகை மெல்ல அதிர்ந்தது. பின்பக்கச் சுவர் ஓரமாக அம்மா ஒதுக்கி வைத்திருந்த எவர்சில்வர் இட்லிப் பானை அந்த அதிர்வில் கிணுகிணுவென்று சத்தமிட்டது. அதன் விளிம்பு, குழாயிலிருந்து தொங்கும் எஃகுப் பின்னல் போட்ட ஹோஸில் தொட்டும் விலகியும் ஆடிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கையை நீட்டிப் பானையை வெளியே எடுத்தேன். அதன் விளிம்பில் நகத்தளவு இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

பானையை எடுத்த பிறகு 4 இரவுகள் டிஷ்வாஷரை ஓட்டிப் பார்த்தோம், குழாய் திறக்கவில்லை. ஐந்தாம் இரவு வேண்டுமென்றே பானையைப் பழைய இடத்தில் வைத்தேன். தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் குழாய் திறந்துகொண்டது. இயந்திரத்தின் மின்சாரம்தான் குழாயைக் குழப்புகிறதோ என்று எனக்கிருந்த சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

ஓர் இட்லிப் பானை எப்படிக் குழாயைத் திறக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் குழாய் நம் கையை எப்படி உணர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். குழாயின் உலோக உடல் முழுவதும், அதோடு இணைந்த எஃகுப் பின்னல் ஹோஸும் சேர்த்து, ஒரு மின்முனையாக வேலை செய்கிறது. குழாயிலிருந்து கீழே இறங்கும் ஒற்றை உணர்வுக் கம்பி கட்டுப்பாட்டுப் பெட்டியில் போய்ச் சேர்கிறது. பெட்டிக்குள் இருக்கும் சிப், குழாயின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், எவ்வளவு என்பதை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். மனித உடலும் ஒரு மின்தேக்கிதான். அதன் அளவு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வார்கள். நாம் குழாயைத் தொடும்போது குழாயின் மின்தேக்குத்திறன் சட்டென்று கூடுகிறது, கையை எடுத்ததும் சட்டென்று குறைகிறது. அழுத்தமோ சூடோ இதற்குத் தேவையில்லை. மெல்லிய ரப்பர் கையுறை போட்டிருந்தாலும் பெரும்பாலும் வேலை செய்வது இதனால்தான்.

காற்றின் ஈரப்பதம் மாறினாலும், குழாயின் மேல் நீர்த்துளிகள் படிந்தாலும் இந்த அளவு கொஞ்சம் மாறும். ஆனால் அந்த மாற்றம் மெதுவானது. சிப் அதைப் புதிய இயல்புநிலையாக ஏற்றுக்கொள்ளும். குழாயின் கழுத்தைப் பிடித்து இடமிருந்து வலமாகத் திருப்பும்போது தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, நீண்ட நேரம் பிடித்திருப்பதையும் அது தட்டலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. கணநேரம் கூடி உடனே குறையும் மாற்றத்தை மட்டுமே அது விரலின் தட்டலாகக் கொள்ளும். பானை ஹோஸின் மேல் அசையாமல் சாய்ந்திருந்த பகல் நேரங்களில் ஒன்றும் நிகழாமல், அதிர்வில் தொட்டுத் தொட்டு விலகிய இரவுகளில் மட்டும் குழாய் திறந்ததன் காரணம் இதுவே. சிப்பின் பார்வையில் அந்தப் பானையின் ஆட்டமும் ஒரு விரலின் தட்டலும் ஒன்றுதான். புதிய பெட்டியும் பழைய பெட்டியைப் போலவே தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஆகவே தானாகத் திறந்துகொள்ளும் குழாய் வைத்திருப்பவர்கள், எதையும் வாங்கும் முன் சிங்க்குக்கு அடியிலுள்ள அலமாரியைக் காலி செய்யுங்கள். பானை, பிரஷர் குக்கர், பூச்சிமருந்து டப்பா என்று ஹோஸையோ உணர்வுக் கம்பியையோ தொடக்கூடிய உலோகப் பொருள் எதையும் அங்கே வைக்காமல் இரண்டு நாள் பாருங்கள். அதன் பிறகும் திறந்தால், குழாயின் அடிப்பகுதி எஃகு சிங்க்கைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தட்டு இருக்கும். அடியிலுள்ள நட் தளர்ந்து குழாய் ஆடத் தொடங்கினால் உலோகமும் உலோகமும் உரசும். அந்தத் தட்டுக்கு அடியில் சோப்புத் தண்ணீர் தேங்கி நின்றாலும் இதே கோளாறு வரும். ஈரமான ஸ்பாஞ்சையோ துணியையோ குழாயின் கழுத்தில் தொங்கவிடுவதையும் விட்டுவிடுவது நல்லது.

இதற்கு நேர்மாறான கோளாறு, தொட்டாலும் திறக்காமல் இருப்பது. இதில் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியை. கைப்பிடி மூடியிருந்தால் எத்தனை முறை தொட்டாலும் தண்ணீர் வராது. ஏனென்றால் தொடுகைக்குக் கட்டுப்பட்ட வால்வும் கைப்பிடியின் வால்வும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தவை. விருந்தினர் வந்துபோன மறுநாள் எங்கள் வீட்டில் குழாய் கெட்டுப்போனதாக எழும் புகாருக்கு எப்போதும் இதுவே காரணம். கைப்பிடி திறந்திருந்தும் தண்ணீர் வராவிட்டால், அடியிலுள்ள பெட்டிக்கு அருகே காதை வைத்துக்கொண்டு, இன்னொருவரைக் குழாயைத் தொடச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து, 'டிக்' என்ற சத்தமும் கேட்டுத் தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் மின்சாரப் பக்கம் நன்றாக இருக்கிறது, அடைப்பு தண்ணீர்ப் பக்கத்தில். விளக்கு எரிந்தும் சத்தம் கேட்காவிட்டால், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வான சோலினாய்டையோ வலுவிழந்த பேட்டரியையோ சந்தேகிக்கலாம். விளக்கே எரியாவிட்டால் பேட்டரியையும் உணர்வுக் கம்பியின் இணைப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத சோதனை இது.

அந்த 'டிக்' சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகைக் குழாய்களில் உள்ள சோலினாய்டு, திறந்திருக்கும் நேரம் முழுவதும் மின்சாரம் குடிப்பதில்லை. திறக்க ஒரு சிறு துடிப்பு, மூட ஒரு சிறு துடிப்பு. இடையில் நிலைக்காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாதாரண ஆறு பேட்டரிகளில் ஓராண்டுக்கு மேல் ஓடுவது அதனால்தான்.

பேட்டரியில் நான் கற்றுக்கொண்டது, ஆறையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்பது. 1.5 வோல்ட் பேட்டரிகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து 9 வோல்ட் தருகின்றன. ஒன்று மட்டும் சோர்ந்தாலும் அந்தச் சங்கிலி முழுவதும் சோர்ந்துவிடும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 7.2 வோல்ட்தான் தரும். முழுதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று எங்கள் குழாய் சிவப்பு விளக்கைக் காட்டியது. பழைய ஆல்கலைன் பேட்டரி கசிந்து, முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால், வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு புதியதைப் போடலாம். பேட்டரியை மாற்றியவுடன் ஆசையாகக் குழாயைத் தொட்டுப் பார்க்காதீர்கள். மின்சாரம் கிடைத்த முதல் சில நொடிகளில்தான் சிப் தன் இயல்புநிலையை அளந்துகொள்கிறது. அப்போது கை அதன் மேல் இருந்தால், கையோடு சேர்த்து அளந்துவிடும்.

தண்ணீர்ப் பக்கத்துக் கோளாறு எங்கள் ஊரில் தவிர்க்க முடியாதது. சான் ஆன்டோனியோவின் தண்ணீரில் கணிசமான பகுதி எட்வர்ட்ஸ் என்ற நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறை நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது; கால்சியம் நிறைந்த கடின நீர். குழாயின் வாயிலுள்ள ஏரேட்டர் என்ற சல்லடை மூடியில் சில மாதங்களிலேயே வெள்ளைப் படிவு கட்டிக்கொள்ளும். அதைக் கழற்றி ஒரு கிண்ணம் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். குழாயின் உடல் மீது வினிகரை ஊற்றி வைத்தால் முலாம் மங்கும், ஆகவே அதைச் செய்ய வேண்டாம். ஏரேட்டர் சுத்தமாக இருந்தும் நீர் மெலிந்து வந்தால், சோலினாய்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையைப் பார்க்க வேண்டும். தெருவில் குழாய் உடைந்து சரிசெய்த நாட்களுக்குப் பிறகு அதில் மணல் சேரும். அதே மணலில் ஒரு துகள் வால்வின் ஜவ்வில் மாட்டிக்கொண்டால், தொட்டு மூடிய பிறகும் சொட்டுச் சொட்டாக நீர் ஒழுகும்; வாஷர் தேய்ந்துவிட்டதென்று நினைக்கத் தோன்றும், வலையையும் ஜவ்வையும் கழுவினாலே நின்றுவிடும். கழற்றும் முன் சிங்க்குக்கு அடியில் வெந்நீர், குளிர்ந்த நீர் இரண்டையும் நிறுத்தும் ஆங்கிள் வால்வுகளை மூடிவிடுங்கள்.

கைப்பிடியை எப்போதும் திறந்தே வைத்து, தொடுகையால் மட்டும் மூடிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நிலையில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் குழாய்க்குள் ஒன்றோடொன்று கலந்தபடி நிற்கும். ஒரு பக்க அழுத்தம் கூடினால் அந்தப் பக்கத்து நீர் மறுபக்கக் குழாய்க்குள் போகாமல் தடுக்க, சிறிய தடுப்பு வால்வுகள் உள்ளே இருக்கும். அவை தேய்ந்துவிட்டால், குளியலறையில் குளிர்ந்த நீரைத் திறக்கும்போது வெதுவெதுப்பாக வரும், காரணம் பிடிபடாது. சமையலறைக் கைப்பிடியை மூடிவிட்டுக் குளியலறையில் மீண்டும் திறந்து பாருங்கள். அப்போது குளிர்ந்தே வந்தால் காரணம் சமையலறைக் குழாய்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இரவு படுக்கப் போகும் முன் அம்மா கைப்பிடியைக் கையாலேயே மூடிவிடுகிறார். பேட்டரிப் பெட்டியின் மேல் ஒட்டிய காகிதத்தில் மாற்றிய தேதியை எழுதியிருக்கிறேன். இட்லிப் பானை அடுப்புக்கு மேலுள்ள பரணுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாற்காலி போட்டு நான்தான் அதை இறக்கிக் கொடுக்கிறேன்.