தாத்தாவின் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஆயுத பூஜை வந்தால் வீட்டிலுள்ள பித்தளைச் சாமான் எல்லாம் கொல்லைப்புறத்துக்கு வந்துவிடும். பீரோவில் கிடக்கும் பட்டாளத்துப் பதக்கங்களையும் அவற்றோடு சேர்த்துப் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கிற வீடுகள் நிறைய. மரியாதையாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தேய்ப்பில் தாத்தாவின் பெயரே அழிந்துபோகலாம்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் பணிபுரிந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அதிகாரிகளைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒரு சாதாரண சிப்பாயைப் பற்றிக் குடும்பத்தின் கையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பதக்கத்தில் பொறித்த ஒரு வரிதான்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அந்த எண் இருந்தால் மற்றதைத் தேட வழி உண்டு. அதனால் தேய்ப்பதற்கு முன் படியுங்கள்.

முதல் உலகப் போரின் வட்டப் பதக்கங்களில் பெயர் விளிம்பில் இருக்கும். 1914-15 நட்சத்திரம் என்ற பதக்கத்தில் தட்டையான பின்பக்கத்தில் இருக்கும். இரண்டாம் போரின் பதக்கங்களிலும் பெயர் இருந்தால் இதே இடங்களில்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெயரே பொறிக்காமல் கொடுத்தவையும் ஏராளம். வெறுமையாக இருப்பதால் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தேய்ந்த பதக்கத்தில் அரசரின் மூக்கும் தலைமுடியும் முதலில் மழுங்கியிருக்கும். முகம் கூர்மையாக இருந்து விளிம்பு மட்டும் வெறுமையாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள்: ஆரம்பத்திலிருந்தே எழுத்து இல்லை, அல்லது விற்பதற்காக யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். வெர்னியர் காலிபர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். அரம் பட்டதில் அது குறைந்திருக்கும், இடத்துக்கு இடம் மாறவும் செய்யும்.

மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை விளிம்போடு ஒட்டினாற்போல் படுக்கை வாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். பதக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிப் பல படங்கள் எடுங்கள். ஒரே படத்தில் முழு வரியும் வராது. அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய டிரேசிங் தாளைச் சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தேய்க்கலாம். சுண்ணாம்பு, மாவு எதையும் எழுத்துக்குள் அடைக்காதீர்கள்.

கிடைக்கும் வரி சுருக்கெழுத்தாக இருக்கும். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பொறியியல் படையின் சிப்பாய். எஸ்.இ.பி. காலாட்படைச் சிப்பாய். என்.கே. நாயக், சிப்பாய்க்கு மேலான பதவி. கியூ.வி.ஓ. (குயின் விக்டோரியாஸ் ஓன்), எஸ் அண்ட் எம் (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்ற எழுத்துகளோடு மெட்ராஸ் என்றோ, முதல் போரானால் 2 என்ற எண்ணோ இருந்தால் அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்று அழைக்கப்படுபவர்களின் முன்னோடி. ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பது வண்டியும் ரேஷனும் கொண்டுசேர்த்த பிரிவு.

பெயரே இல்லாவிட்டாலும் பதக்கமும் ரிப்பனும் பேசும். சிவப்பு, வெள்ளை, பச்சை கலந்த ரிப்பன் இத்தாலி நட்சத்திரத்துக்கு உரியது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருந்தது அந்தப் போர்முனையில்தான். வீரத்துக்கான பிரிட்டனின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. கருநீலத்தின் நடுவே சிவப்பும் அதன் இருபுறமும் ஆரஞ்சும் இருந்தால் பர்மா. பசிபிக் நட்சத்திரம் இருந்தால் மலேயா, சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் தேடுங்கள். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று வீழ்ந்ததால், அவர் போர்க்கைதியாக இருந்திருக்கலாம். பின்பக்கம் இந்திய வரைபடம் உள்ள இந்திய சேவைப் பதக்கம், போர்முனைக்குப் போகாமல் இந்தியாவில் மூன்றாண்டு பணிபுரிந்தவர்களுக்கானது. இதைச் சின்னதாக எண்ணுகிறவர்கள் உண்டு, அது நியாயமே இல்லை. பர்மா முனைக்குப் போன ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் அவர்கள் உழைப்பு இருந்தது. முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தொழிலாளர் படையினருக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள்.

ஒரே டப்பாவில் அண்ணன் தம்பி இருவர் பதக்கமும் கலந்து கிடப்பது அடிக்கடி நடப்பது. ஒவ்வொன்றின் எண்ணையும் தனித்தனியாகக் குறித்த பிறகே சேர்த்துக் கோக்க வேண்டும்.

சுத்தம் செய்வதென்றால் பருத்திக் கையுறையும் மென்மையான உலர்ந்த துணியும் போதும். கறுத்த படலம் உலோகத்துக்குக் காப்பு, அதை விட்டுவிடுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம்; நாளானால் பிசுபிசுத்துப் பச்சை பிடிக்கவைக்கும். அமிலமில்லாத தாளில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிவையுங்கள். கடலோர ஊர்களில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். ரிப்பன் நைந்திருந்தால் புதிது மாட்டலாம், பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

எண் கிடைத்ததும் அடுத்த இடம் படைப்பிரிவின் ஆவணக் காப்பகம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் அதன் எல்லாப் பக்கங்களின் நகலையும் கடிதத்தோடு இணையுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

பணியிலேயே இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். உயிரோடு திரும்பியவர்கள் இருக்கமாட்டார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். முனிசாமி என்ற ஒரு பெயரையே எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஊர்க் குறிப்பில் செங்கல்பட்டு, வடஆற்காடு என்று அன்றைய மாவட்டப் பெயரே இருக்கும். தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் கல்லறை எதுவென்று தெரியாதவர்களுக்கும் தனிக் கல்லறை இருக்காது, நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கும். யாங்கூன் அருகே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். பட்டியலில் தரப்பட்டிருக்கும் முக எண்ணை, அதாவது பெயர் பொறித்த பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் தூணைத் தேடி அலைய வேண்டியிருக்காது.