‘பார்க்கிறேன்’ என்ற சொல்லுக்கு அடியில் இருந்த வேலை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் இருந்த பிறகு, கோயம்புத்தூரில் இன்னும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மாறிவிட வேண்டும் என்று விண்ணப்பிக்கத் தொடங்கினேன். நான்கு மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பிய ரெஸ்யூமுக்கு இரண்டே அழைப்புகள் வந்தன. பி.காம். முடித்த ஆண்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கொடுத்து அடித்து வாங்கிய ரெஸ்யூம் அது. பிறகு வேலை விவரத்தை மட்டும் சேர்த்திருந்தேன். மேலே, சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குத் துணைநிற்க விரும்புவதாக ஓர் ‘ஆப்ஜெக்டிவ்’. நடுவே ‘ஹார்ட் ஒர்க்கிங்’, ‘சின்சியர்’, ‘டீம் பிளேயர்’. கீழே தந்தை பெயர், திருமண நிலை, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி. என்னோடு படித்தவர்களில் யாருடைய பெயரை மேலே போட்டிருந்தாலும் அது பொருந்தியிருக்கும்.

என் வேலையைப் பற்றி அதில் மூன்றே வரிகள் இருந்தன: ‘ஹேண்டில்டு ஜிஎஸ்டி ஒர்க்ஸ்’, ‘லுக்டு ஆஃப்டர் பேங்க் ஒர்க்ஸ்’, ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் சப்ளையர் பேமென்ட்ஸ்’. முன்பு ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து, இப்போது வேறொரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினேன். “ஜிஎஸ்டில நீ என்ன தம்பி பண்றே?” என்று கேட்டார். “எல்லாமே நான்தாங்க்கா பார்க்கிறேன்” என்றேன். “பார்க்கிறேன்னா? வேடிக்கை பார்க்கிறியா?” என்றார்.

சிரித்துவிட்டேனே தவிர, பிழை எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கணக்குப் பார்க்கிறேன், பேங்க் பார்க்கிறேன், ஜிஎஸ்டி பார்க்கிறேன் என்று நாம் சொல்லும்போது, கேட்பவரும் அதே ஊரில் அதே தொழிலில் இருப்பதால், சொல்லாமல் விட்டதை அவரே நிரப்பிக்கொள்கிறார். அந்தப் ‘பார்க்கிறேன்’தான் என் ரெஸ்யூமில் ‘ஹேண்டில்டு’ என்று வேடம் மாறி உட்கார்ந்திருந்தது; முன்பின் அறியாத ஒருவர் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

ஒரு மாதத்தில் நான் செய்பவற்றைத் தேதிவாரியாகத் தமிழிலேயே எழுதச் சொன்னார். ‘பார்’ என்ற வினை மட்டும் எங்கும் வரக்கூடாது என்றார். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரங்களைத் திரட்டி ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாதப் படிவத்தைத் தாக்கல் செய்கிறேன். 14ஆம் தேதி, சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து எங்கள் கொள்முதல் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை வந்ததும் அதை டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கொள்முதலோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைப் பிரித்தெடுத்து, சப்ளையரிடம் கேட்டு வாங்குகிறேன். 20ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்கிறேன். நான் எழுதியதில் ‘திரட்டி’, ‘ஒப்பிட்டு’, ‘பிரித்தெடுத்து’ ஆகியவற்றுக்கு அக்கா அடிக்கோடிட்டார். ‘ரெகன்சைல்டு’ என்ற சொல் ‘ஒப்பிட்டு’ என்பதிலிருந்துதான் கிடைத்தது. ஆங்கிலத்திலேயே யோசித்திருந்தால் மறுபடியும் ‘ஹேண்டில்டு’ என்றுதான் எழுதியிருப்பேன்.

அதைவிட முக்கியமான ஒன்று, நான் வேலையாகவே கருதாததால் விடுபட்டுப் போயிருந்தது. எங்கள் நிறுவனம் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து, ஏற்றுமதிக்கான ஐஜிஎஸ்டி வரியைக் கட்டாமல் ஏற்றுமதி செய்துவிட்டு, கொள்முதலில் கட்டித் தேங்கிய உள்ளீட்டு வரியை ஆர்எஃப்டி-01 படிவத்தில் திரும்பக் கோரும். ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லின் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியதால் ஓராண்டில் இரண்டு முறை ஆர்எஃப்டி-03 என்ற குறைபாட்டுக் குறிப்பு வந்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு, விண்ணப்பிக்கும் முன்பே ஷிப்பிங் பில்களை ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றுமதியைக் காட்டும் 6ஏ அட்டவணையோடு ஒத்துப்பார்க்கும் எக்செல் தாள் ஒன்றை நானே உருவாக்கினேன்; அடுத்த 14 மாதங்களில் ஒரு குறிப்புகூட வரவில்லை. இதைத் தற்காப்பு என்றுதான் நினைத்திருந்தேன். புதிய ரெஸ்யூமின் முதல் வரி இதுதான்.

எண்களை மனம்போன போக்கில் போட விரும்பவில்லை. எந்த வகை வவுச்சர் (கணக்குப் பதிவு) எத்தனை என்று காட்டும் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ அறிக்கை டேலியில் உண்டு. அதிலிருந்து மாதச் சராசரியைக் கணக்கிட்டேன். சப்ளையர் பெயர்களையும் விற்றுமுதலையும் எழுதவில்லை; அவை எனக்குச் சொந்தமானவை அல்ல. அடுத்து, நாங்கள் சப்ளையர் பேமென்ட் என்று சொல்வதைக் கோயம்புத்தூர் விளம்பரங்கள் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’ என்றன. ஆள் தேடுபவர் வேலைவாய்ப்புத் தளத்தில் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார் என்பதால், வேலை ஒன்றாகவே இருந்த இடங்களில் விளம்பரத்தின் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு சறுக்கலும் உண்டு. இணையத்தில் கிடைத்த ‘பவர் வேர்ட்ஸ்’ பட்டியலிலிருந்து ‘ஸ்பியர்ஹெடட்’ என்ற சொல்லையும், துணிச்சலாக ‘எக்ஸ்பர்ட் இன் எக்செல்’ என்பதையும் அக்காவுக்குத் தெரியாமல் சேர்த்திருந்தேன். முதல் நேர்காணலில், நான் தலைமை தாங்கிய குழுவில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானும் ஒரு பயிற்சியாளரும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு மடிக்கணினியைத் திருப்பி வைத்து எக்செலில் ஒரு பிவட் டேபிள் (தரவுகளைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடச் சொன்னார்கள். அன்று மாலையே இரண்டையும் நீக்கிவிட்டு, ‘எக்செல்: விலுக்அப், சம்இஃப்ஸ்’ என்று தெரிந்ததை மட்டும் எழுதினேன்.

திருத்திய ரெஸ்யூமை ஒன்பது இடங்களுக்கு அனுப்பியதில் நான்கு அழைப்புகள் வந்தன. மூன்றாவது இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே நேர்காணலில் பாதி நேரம் அந்த எக்செல் தாளைப் பற்றியே பேசினோம். ஒரேயொரு வேலைக்கு மட்டும் எனக்கு இன்றுவரை சரியான ஆங்கிலச் சொல் கிடைக்கவில்லை. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யாமல் இழுத்தடிக்கும் சாயப்பட்டறைக்காரரை மாதாமாதம் அழைத்து, குடும்ப நலம் விசாரித்து, கெஞ்சி, கொஞ்சம் மிரட்டி, 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வைப்பதுதான் அது. ‘சப்ளையர் ஃபாலோ-அப்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.